மலையை மறைத்துக் கட்டிய மெட்ராஸ் வீடு

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காமயகவுண்டன்பட்டியைச் சுற்றி இன்று நிற்கிற திராட்சைப் பந்தல்களில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. பாறைக்கு மேல் அரையடி மண்கூட இல்லாத ஒரு தோட்டத்தில், இங்கே தூண் நிற்காது என்று மூன்று மேஸ்திரிகள் கையை விரித்துவிட்டுப் போனார்கள். நான் நிறுத்தினேன். லோயர் கேம்ப் போகிற வழியில் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்த மாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட, ஓடுகிற தண்ணீருக்கு மேலேயே நடைபாலம் போட்டேன். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுக்கு மாடி, இரண்டு கல்யாண மண்டபங்களுக்குச் சுற்றுச்சுவர், ஒரு அரிசி ஆலைக்குக் கூரை. கூரையைப் போட்ட வருஷம் அடித்த காற்றில் பக்கத்து ஆலையின் கூரை பறந்துபோய் வயலில் கிடந்தது, என்னுடையது அசையவில்லை. ஐந்தாவது வகுப்பைப் பாதியில் விட்ட ஆள் நான். பிளான் தாளை விரித்துக்கொண்டு வருகிற இன்ஜினியர்கள், "இது நிக்குமா மேஸ்திரி?" என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

இவ்வளவும் போக, மெட்ராஸில் இருந்த ஒரு வீட்டைக் கம்பம் ஊரில் கட்டினேன். நான் கட்டியதிலேயே பெரியது அதுதான் என்பேன். மூன்று அறை, மூன்று மாதம் மட்டுமே நின்றது.

அது சினிமாவுக்குக் கட்டிய வீடு. செல்போன் எங்கள் பக்கம் புதிதாக வந்து, சிக்னலுக்காக ஆட்கள் மொட்டைமாடி ஏறிக்கொண்டிருந்த காலம். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்குப் படம் எடுக்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. அவரிடம் ஒரு பெண் டைரக்டர் கதையோடு வந்தார். கதை அவருடைய சொந்தக் கதை. ஒன்பது வயதில், மெட்ராஸில் ஒரு வாடகை மாடி வீட்டில், அப்பா அம்மாவோடு இருந்த ஒரு வருஷத்தைப் பற்றியது. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி ஆக்கிவிட்டார்களாம். ஊருக்கு வெளியே முதலாளிக்கு ஒரு மாடிக் குடோன் இருந்தது. மாடியில் ஒரு பாதியில் ஏலக்காய் மூட்டைகள், மறு பாதி காலி. காலிப் பாதியில் அந்த வீட்டைக் கட்டிப் படம் எடுப்பதென்று முடிவு செய்து, எனக்கு ஆள் அனுப்பினார்.

"வாய்யா மேஸ்திரி. பந்தல் போடுறவன்கிட்ட வீடு கட்டச் சொல்றானேன்னு பாக்காத. மெட்ராஸ்ல இருந்து செட் போடுற ஆள் வருவாக, ஆனா ரெண்டு நாள்தான் இருப்பாகளாம். நீதான் நின்டு கட்டணும்."

டைரக்டரம்மா பக்கத்தில் நின்றார். முப்பது வயதிருக்கும். ரப்பர் செருப்பு, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"வீட்டப் பாக்காம எப்பிடி ஆத்தா கட்டுறது? போட்டோ இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் இருக்குங்க ஐயா. அதுலயும் நாங்கதான் தெரியுறோம், வீடு தெரியல."

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கூலியைப் பற்றி முதலாளி ஆரம்பித்தார். நான் கையமர்த்தினேன்.

"கூலி ஊருக்கு உள்ளதுதான் முதலாளி. எனக்கு வேற ஒண்ணு வேணும். படத்துல பேர் ஓடுமில்ல, அதுல என் பேரும் ஓடணும்."

முதலாளி சிரித்தார். "கையெழுத்துப் போடவே கால் மணி நேரம் ஆக்குற ஆளு. டைட்டில்ல பேர் கேக்குறியே!"

"எழுதத்தான் சங்கடம். என் பேரு வந்தா படிச்சிருவேன்."

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் கட்டிய மண்டபங்களில் கல்வெட்டு இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் பேர், திறந்து வைத்தவர் பேர், குத்துவிளக்கு ஏற்றிய அம்மாவின் பேர்கூட இருக்கிறது. சுவரை எழுப்பியவன் பேர் எந்தச் சுவரிலும் கிடையாது. ஒரே ஒரு இடத்திலாவது, எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில், அது வர வேண்டும் என்றிருந்தது.

டைரக்டரம்மா சிரிக்கவில்லை. "வீடு சரியா வந்துச்சுன்னா உங்க பேர் கண்டிப்பா வரும் ஐயா," என்றார். நான் கைநீட்டினேன். அவரும் ஆம்பிளை மாதிரி கைகொடுத்தார்.

நோட்டைப் பிரித்து அவர் வீட்டைச் சொன்ன விதத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. அவருக்கு அடிக்கணக்கு தெரியாது. எல்லாவற்றையும் ஒன்பது வயது உடம்பால் சொன்னார். சமையல் மேடை என் இடுப்புக்கு மேலே; ஜன்னல் கட்டை என் நெஞ்சுக்கு; அம்மா அலமாரியின் மேல் தட்டு நாற்காலி போட்டு ஏறி, குதிகாலைத் தூக்கினால் எட்டும். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையாக நடிக்கத் தேனியிலிருந்து எடுத்திருந்த பிள்ளையை வரச்சொல்லி, சுவரோரம் நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். குழாயில் கட்டியிருந்த துணி என்ன நிறம், எந்தப் படியில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது, எந்த சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும், எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் குடியிருந்த வீட்டை என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் இப்போது குடியிருக்கிற வீட்டையே சொல்ல முடியாது.

சாமான் தூக்கிக்கொண்டு கூடவே வந்த என் மனைவி ஒரு நாள் அந்த போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல ஒரு பையன் நிக்கிறானே, யாரு?"

"எங்க அண்ணன்மா."

"கதையில அண்ணனே இல்லையே. எங்கிட்டுப் போனாக?"

"நான் எழுதறேன்னு தெரிஞ்சதும், என்னை விட்டுடுன்னு சொன்னான். விட்டுட்டேன். பாதி நடந்தது, பாதி நான் வச்சது."

"அது சரி. எங்க அண்ணனையும் இப்பிடி யாராச்சும் கதையில இருந்து எடுத்துவிட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் என் மனைவி. டைரக்டரம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

அளவெல்லாம் கொடுத்துவிட்டு அவர் மெட்ராஸ் போய்விட்டார். நான் ஐந்து ஆட்களோடு கட்டினேன். அங்கேதான் என் தப்பு நடந்தது. மறைக்க மாட்டேன்; தைரியமாகவே எழுதுகிறேன்.

முன் அறையில் மேற்கே பார்த்து ஒரு ஜன்னல் என்று நோட்டில் தெளிவாக இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் மாற்றினேன். எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கே ஜன்னல் வைக்கிறவன் வீடு கட்டத் தெரியாதவன். ஆனி பிறந்தால் மலை இடுக்கு வழியாகக் கேரளத்துக் காற்று இறங்கும். சாரலையும் தூக்கிக்கொண்டு வரும். அடுப்பை அணைக்கும், கதவைப் பெயர்க்கும். அதனால் இங்கே மேற்குச் சுவர் என்றால் மொட்டைச் சுவர்தான். அந்தக் குடோனும் அப்படிக் கட்டியதுதான். மேற்கே ஜன்னல் கேட்கிற வீட்டுக்காரரிடம் யாரும் சண்டை போடுவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வடக்கே வைப்போம். அவரும் குடிவந்த பிறகு வாழ்த்துவார். நானும் தலையை ஆட்டிவிட்டு வடக்கே வைத்தேன். அழகான ஜன்னல். நல்ல வெளிச்சம்.

படப்பிடிப்பின் முதல் நாள் காலையில் டைரக்டரம்மா வந்தார். படியேறும்போதே பெயர்ந்த சிமெண்டைக் காலால் தடவிப் பார்த்தார். சமையலறையில் நின்று, குழாய்த் துணியைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி என் முதுகில் தட்டினார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த செட் ஆள்கூட, "பிரமாதம்" என்றார். என் பேர் திரையில் ஓடுவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

அவர் முன் அறைக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்தார். மொட்டைச் சுவரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, வெயில் எங்க?"

"எதுக்கு ஆத்தா வெயிலு? மேக்க வச்சா காத்து அடிக்கும்னுதான் வடக்க..."

"எனக்கு வெயில் வேணும் ஐயா."

கேமராக்காரர் லைட் போட்டு வெயில் செய்துகொள்ளலாம் என்றார். முதலாளி, "ஜன்னல் எங்கன இருந்தா என்ன, படத்துல திசையா தெரியப் போகுது?" என்றார். அப்போதுதான் டைரக்டரம்மா சொன்னார். அந்த ஜன்னல் எதற்கு என்று எங்கள் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அவருடைய அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். அந்த வருஷம் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன் கேரியரோடு கிளம்பிப் போய், வேலை தேடிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். மகள் ஜன்னலில் காத்திருப்பாள். அவர் மேற்கிலிருந்து வருவார். "வெயில் என் கண்ல அடிக்கும் ஐயா. அப்பா முகம் தெரியாது, வெறும் கறுப்பா ஒரு உருவம்தான் தெரியும். நடைய வச்சுத்தான் அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கண்டுபிடிப்பேன். தெருமுனைல கொஞ்ச நேரம் நிப்பார். நின்னு, தோளைச் சரி பண்ணிட்டு, வேற மாதிரி நடந்து வருவார். எனக்குத் தெரியும்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. லைட் போட்டா முகம் தெரிஞ்சிடும். முகம் தெரிஞ்சா படமே இல்ல."

அப்பா வேஷத்துக்கு மதுரையிலிருந்து வந்த நாடக நடிகருக்கு அன்றும் மறுநாளும் மட்டும்தான் நேரம். அதற்குள் எடுக்காவிட்டால் படம் அங்கேயே நின்றுபோகும். வீடு சரியாக வந்தால் உங்கள் பேர் என்றவரின் வீட்டை நான்தான் கெடுத்திருக்கிறேன்.

"நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு இந்தச் சுவத்துல ஜன்னல் இருக்கும்," என்றேன்.

முதலாளி குதித்துவிட்டார். "யோவ், பக்கத்துல ஏலக்கா இருக்குய்யா! ஆனிக் காத்துல மேக்குச் சுவத்த உடைக்கிறேங்கிற. ஈரம் பட்டா காய் வெளுத்துப் போகும், ஒரு பய வாங்க மாட்டான்!"

"காயத் தூக்கிட்டுச் சுவத்த உடைப்போம்."

"எங்க தூக்குவ?"

"எங்க வீட்டுக்கு."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் காணாது. "ஏய்யா, நாம எங்கன படுக்குறது? மூட்டை மேலயா?" என்றாள். சொல்லிவிட்டு, முதல் மூட்டைக்கு அவளேதான் சும்மாடு கட்டினாள். பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. அந்த வருஷம் தீபாவளி வரை எங்கள் வீட்டு ரசத்திலும் ஏலக்காய் மணந்தது.

மறுநாள் விடிந்ததும் சுவரில் கை வைத்தோம். ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் கட்டு. அதை அவசரத்தில் உடைத்தால் மேல்பாரம் இறங்கிக் கூரையோடு வந்துவிடும். செட் ஆள் பயந்துபோய்க் கீழே இறங்கிவிட்டார். நான் பந்தலுக்கு நடுகிற கல்தூண் ஒன்றை வண்டியில் கொண்டுவரச் சொன்னேன். ஜன்னல் வரும் இடத்துக்கு மேலே சுவரில் நீளமாகப் பள்ளம் வெட்டி, தூணைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி, இடுக்கெல்லாம் கல் சில்லு வைத்து அறைந்து, பாரத்தை அதன் மேல் ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் கீழே உடைத்தேன். ஒரு செங்கல்கூட நான் சொல்லாமல் விழவில்லை. ஜன்னலுக்கு எங்கே போவது? என் வீட்டுக் கிழக்கு ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு வந்தேன்.

ஜன்னலைத் திறந்தோம். மூன்று மணிக்கு முன்பே திறந்தோம் என்பதையும் எழுதிவைக்கிறேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டைரக்டரம்மா பிள்ளையின் இடத்தில் மண்டியிட்டு வெளியே பார்த்தார்.

"ஐயா... மலை தெரியுதே."

தெரியாமல் என்ன செய்யும்? கீழே சந்து சரி. மண் பாதைக்கு இரண்டு பக்கமும் தகரத்தை நிறுத்தி, போஸ்டர் ஒட்டி, மெட்ராஸ் சந்து ஆக்கியிருந்தோம். நிமிர்ந்தால் மலைத்தொடர் முழுக்க நிற்கிறது. மெட்ராஸில் ஏது மலை? எங்கள் ஊரில் சூரியன் கடல் வரை காத்திருக்காது. ஐந்தரைக்கெல்லாம் வெயில் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னால் போய்விடும்.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. சந்துக்கு எதிரே வாய்க்கால் கரை உயரமாக இருந்தது. கரைமேல் வரிசையாகத் தூண் நட்டோம். தூணோடு சவுக்குக் கம்பைச் சேர்த்துக் கட்டி உயரம் ஏற்றினோம். குறுக்கே பந்தல் கம்பியை மூன்று அடுக்காக இழுத்து முறுக்கினேன். பிறகு மனைவியைப் பார்த்தேன்.

"சேல வேணும்."

"எத்தன?"

"இருக்கிறதெல்லாம்."

"கல்யாணச் சேலையுமா?"

"அது நல்ல அகலம்."

அவளுடைய சேலை, பக்கத்து வீட்டுச் சேலை, அவள் தங்கையின் சேலை எல்லாம் வந்தன. நனைத்துக் கம்பியில் போட்டோம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காய்கிறது, அவ்வளவுதான். மலை போய்விட்டது. மலையை மறைத்தவன் நான். ஆண்டவன் நட்டதைப் பந்தல் கம்பி போட்டு மறைத்தேன்.

ஐந்து மணிக்குக் கேமரா ஓடியது. பிள்ளை ஜன்னலில் நின்றது. கண்ணில் வெயில். நடிகர் சந்து முனையில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஆனிக் காற்று இறங்கியது. சேலைகள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பின. சுவரில் காலண்டர் படபடவென்று அடித்தது. பிள்ளையின் முடி முகத்தில் விழுந்தது. அது விலக்காமல், முடிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. கேமராக்காரர் நிறுத்தக் கையைத் தூக்கினார்.

"ஓடட்டும்," என்றார் டைரக்டரம்மா. ரொம்பச் சின்னக் குரலில்தான் சொன்னார். படப்பிடிப்பு நடந்த பதினைந்து நாளும் அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை யாரும் இரண்டாவது தடவை சொல்லவிட்டதில்லை. நான் ஐந்து ஆட்களை மேய்க்கக் கத்துகிற கத்தலுக்கு, அவர் ஐம்பது பேரை ஒரு பார்வையில் நடத்தினார். அதற்குத் தலைவணங்குகிறேன்.

நடிகர் தோளைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். முகம் தெரியவில்லை. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது முடியவும் வெயில் மலைக்குப் பின்னால் போகவும் சரியாக இருந்தது. எல்லோரும் சாமானைக் கட்ட ஆரம்பித்த பிறகு, டைரக்டரம்மா தனியாகச் சந்து முனைக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர் அப்பா நடந்தது போலவே நடந்து வந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவரை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

படம் மறுவருஷம் வந்தது. தேனியில் மேட்னி காட்சிக்கு நானும் என் மனைவியும் போனோம். சொந்தப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அது பெரிய படம். சண்டை கிடையாது, பாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளை ஒரு வீட்டுக்குள் ஒரு வருஷம் வளர்கிறது. அதற்குள் அப்பா சின்னவராகிறார், அம்மா பெரியவளாகிறாள். அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்பது டிபன் கேரியரில் ஒரு நாள் இரண்டு தோசை கூடுதலாக இருப்பதில்தான் நமக்குத் தெரியும். வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை. அவ்வளவு தெரிந்த பெண் எவ்வளவு குறைவாகப் பேசவிட்டிருக்கிறார்! ஜன்னல் காட்சி வந்தபோது கொட்டகையில் இருமல் சத்தம்கூட இல்லை. என் மனைவி அழுதாள். "சேலைக்கா அழுகுற?" என்றேன். "சும்மா இருய்யா," என்று கையில் கிள்ளினாள். கிள்ளிய இடம் வலித்தது. நானும் கண்ணைத் துடைத்தது அதனால்தான்.

ஒரு பத்திரிகையில் அந்தக் காட்சியைப் புகழ்ந்து, மெட்ராஸ் கடற்காற்றை இப்படி யாரும் காட்டியதில்லை என்று எழுதியிருந்தார்களாம். கடற்காற்று! அது கம்பத்துக் காற்று. நான் ஓட்டை போட்டதால் உள்ளே வந்தது.

பேர்கள் ஓடின. எழுந்து போகிறவர்களை நான் உட்காரச் சொன்னேன். கலை என்று செட் ஆளின் பேர் வந்தது. டீ கொடுத்தவர் பேர் வந்தது. வேன் ஓட்டியவர் பேர் வந்தது. கடைசியில் 'நன்றி: கம்பம் பள்ளத்தாக்கு மக்கள்' என்று வந்து, திரை வெள்ளையானது.

"வந்துச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"மக்கள்னு போட்டிருக்காக."

"அதுல நீயும் உண்டுதான?"

போன் பண்ணினேன். டைரக்டரம்மா மழுப்பவில்லை. "லிஸ்ட்ல உங்க பேர் மூணாவதா இருந்துச்சு ஐயா. டைட்டில் அடிக்கிறப்ப சுருக்கிட்டாங்க. நான் பக்கத்துல இல்ல. என் தப்பு." நான் அவரை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவருடைய அடுத்த படத்தையும் பார்த்தேன், அதுவும் நன்றாக இருந்தது. ஆனால் இந்தப் படத்தை இப்போது டி.வி.யில் போடுகிறார்கள், சிடி விற்கிறார்கள், காலேஜில் காட்டிப் பாடம் நடத்துகிறார்களாம். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக் கிழக்கு ஜன்னல் திரையில் வருகிறது, நான் வருவதில்லை.

அதனால், சிடி போடுகிற உங்களுக்கு ஆள் வைத்து எழுதிக் கேட்கிறேன். அடுத்த பிரதி போடும்போது சேர்த்துவிடுங்கள். செட் ஆள் பேரை எடுக்க வேண்டாம், அவரும் இரண்டு நாள் இருந்தார். அதற்குக் கீழே தனி வரியில், 'வீடு கட்டியவர்' என்று என் பேர். அதற்கும் கீழே, 'சேலைகள்' என்று என் மனைவியின் பேர். ஜன்னலை முதலில் வடக்கே வைத்தவன் என்று சேர்க்க வேண்டுமானால் அதையும் சேருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் பேருக்கு முன்னால் 'நன்றி' மட்டும் வேண்டாம். நன்றி, உதவி செய்தவர்களுக்குச் சொல்வது. நான் உதவி செய்யவில்லை. கட்டினேன்.